இரைக்கிற வாயைக் கட்ட வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெயிலில் சுருண்டு விழுந்த நாயைக் கண்டதும் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடத்தான் மனசு சொல்லும். நாய் மீட்புக் குழுக்களில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். சில நாய்கள் போகிற வழியிலேயே இறந்துவிடுகின்றன. முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும், பயணம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் நாயின் உடம்பிலேயே இருக்கிறது. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டுமே, அது போதவே போதாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. வெப்பம் முக்கியமாக அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமானால் ஆவியாவது குறைந்துவிடும். ஆகவே மேகம் மூடிய புழுக்கமான நாளையும் வெயில் நாளாகவே கருதுங்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியே குறுகல். கிழட்டு நாய், கொழுத்த நாய், இதயக் கோளாறு உள்ள நாய் ஆகியவையும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கோடைக் காலத்தில் மீட்புப் பணியில் நேரும் தவறுகளில் பெரியது துரத்திப் பிடிப்பது. ஓடும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன, பயம் அதைக் கூட்டுகிறது. நிழலில் நன்றாக இருந்த நாய்கூட பத்து நிமிட ஓட்டத்தில் சரிந்துவிடலாம். விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்தபின் போங்கள். நான்கைந்து நாள் ஒரே இடத்தில் சாப்பாடு வைத்து, பிறகு கூண்டைக் கதவு திறந்தபடி அங்கேயே வைத்து, தானாக நுழையப் பழக்குங்கள். இரண்டு முறை முயன்றும் அகப்படாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது. கதவு தானாக மூடும் பொறிக்கூண்டை வெயிலில் வைத்துவிட்டு யாரும் அகலக்கூடாது.

பிடித்த பிறகு வருவது வாய்க்கட்டு. வாயை இறுக்கி மூடும் நைலான் வாய்க்கட்டும், துணியால் போடும் முடிச்சும் இரைப்பதைத் தடுத்துவிடும். அதாவது வெப்பம் வெளியேறும் ஒரே நல்ல வழியை நாமே அடைத்துவிடுகிறோம். கட்டியே ஆக வேண்டுமென்றால், உள்ளே வாயை நன்றாகத் திறந்து நாக்கை வெளியே நீட்ட இடமிருக்கும் கூடை வகையைப் போடுங்கள். மிரளும் நாய் அடங்கட்டும் என்று கூண்டைத் துணியால் மூடுவது சரிதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மூடுங்கள், காற்று புகுந்து வெளியேற மற்ற பக்கங்கள் திறந்திருக்கட்டும். கூண்டுகளைச் சுவரோடு ஒட்டியோ ஒன்றோடொன்று நெருக்கியோ வைக்காதீர்கள்.

நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட நாயை விட வேண்டாம். வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலேயே, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 34, அரை மணியில் சுமார் 43 ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது.

இனி, நாய் விழுந்துவிட்டால் என்ன செய்வது? நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி இவையெல்லாம் வெப்பத் தாக்கின் அறிகுறிகள். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லையென்றால் அதைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, முதுகு எல்லாம் நனையட்டும். ரோமத்தை விரலால் பிரித்துத் தோல்வரை நீர் இறங்கச் செய்யுங்கள், மூக்கிலும் வாயிலும் மட்டும் போகக் கூடாது. கூடவே ஒருவர் விடாமல் விசிறட்டும், ஈரத்தோடு காற்றும் பட்டால்தான் சூடு இறங்கும். பனிக்கட்டி தேடி ஓடுவது நேர விரயம். ஈரத் துண்டைப் போர்த்துவதும் தவறு, சில நிமிடங்களில் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். துண்டு இருந்தால் நனைத்து நாய்க்கு அடியில் விரியுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 39.5 வந்ததும் நீரை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பிறகும் வெப்பம் இறங்கிக்கொண்டேயிருக்கும், தொடர்ந்து ஊற்றினால் இயல்புக்கும் கீழே போய்விடும். நினைவோடு இருந்தால் குடிக்கக் கிண்ணத்தை முன்னால் வையுங்கள். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் அல்ல, வெளியேற முடியாமல் உள்ளே தேங்கிய வெப்பம். அந்த மாத்திரை இதைத் தணிக்காது, பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கவும் செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எச்சில் வடிவதும் தள்ளாடுவதும் வெறிநோயிலும் உண்டு. முன்பின் தெரியாத நாயென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எட்ட நின்றே நீரை ஊற்றுங்கள், வாய்க்குள் கையை விடாதீர்கள். மீட்புக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம். கடித்துவிட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பே ஊசி போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

குழுவாகச் செய்யக்கூடிய நல்ல வேலை தண்ணீர்த் தொட்டி வைப்பது. 10 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்கு மேல் நீர் தேவை, கோடையில் இன்னும் அதிகம். கவிழாத கனமான சிமெண்டுத் தொட்டியோ மண் தொட்டியோ போதும். ஆழம் குறைவாக இருக்கட்டும், குட்டி விழுந்தால் ஏறிவர உள்ளே ஒரு செங்கல்லைப் போட்டு வையுங்கள். நாய்கள் ஏற்கெனவே படுக்கும் நிழலில், போக்குவரத்துக்கு அப்பால் வையுங்கள். ஒரே தொட்டி என்றால் வலுத்த நாய் மற்றவற்றை அண்டவிடாது, சற்றுத் தள்ளி இன்னொன்றும் வேண்டும். தினமும் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, நிரப்ப வேண்டும். தேங்கினால் பாசியும் கொசுவும் வரும், அக்கம்பக்கத்தார் தொட்டியையே எடுத்துவிடுவார்கள். எந்தக் கிழமை யார் கழுவுவது என்று பெயர் எழுதி வைக்காத தொட்டி ஒரு மாதம் தாங்காது.

குளிர்ந்தபின் நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வண்டியில் ஏற்றுமுன் ஏசியை ஓடவிட்டு உள்ளே குளிர வையுங்கள், ஏசி இல்லையென்றால் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். சிறுநீரகம், ஈரல் பாதிப்பும் ரத்தம் உறையாத கோளாறும் இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். ஈறிலோ வயிற்றிலோ சிவப்புப் புள்ளிகள், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுபடி அழைத்துச் செல்ல வேண்டும். முதல்முறை போகும்போதே ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக் கொடுங்கள்: நாய் விழுந்த நேரம், முதலில் அளந்த வெப்பம், எவ்வளவு நேரம் நீர் ஊற்றினீர்கள், நிறுத்தியபோது எத்தனை டிகிரி.

வணக்கம்.