எட்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கின் பேரைச் சொன்னதும் பாமாயிலும் காட்டுத்தீயும்தான் முதலில் பேச்சுக்கு வரும். அவற்றுக்கு நானும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒராங்குட்டான் தாயைப் பற்றிப் பேச வேண்டும். அவளைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

தென்கிழக்கு ஆசியாவில் போர்னியோ, சுமத்ரா என்ற இரண்டு தீவுகளில்தான் ஒராங்குட்டான்கள் காட்டில் வாழ்கின்றன. ஒரு பெண் தலைப்பிள்ளையைப் பெறும்போது அவளுக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும். அடுத்த பிள்ளைக்கு ஏழிலிருந்து ஒன்பது ஆண்டு ஆகும். ஆயுள் முழுக்க அவள் பெறுவது நான்கைந்து பிள்ளைகள். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு இடைவெளி விட்டுப் பெறுவது வேறு எதுவும் இல்லை.

ஏன் இந்த நிதானம்? அந்தக் காடு அப்படி. போர்னியோவின் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. ஏதோ ஓர் ஆண்டில் காடு மொத்தமும் சேர்ந்து பூத்துக் காய்க்கும். அப்புறம் சில ஆண்டுகளுக்குப் பஞ்சம்தான். காய்க்கும் காலத்தில் ஒராங்குட்டான் தின்று கொழுப்பைச் சேர்க்கும்; பஞ்சத்தில் மரப்பட்டையையும் இலையையும் மெல்லும். போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் அவற்றின் சிறுநீரைச் சோதித்தபோது, உடல் தன் சொந்தக் கொழுப்பையே எரித்துப் பிழைப்பது தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் கூட்டமாக வாழ முடியாது. ஒரு மரத்துப் பழம் ஒரு கூட்டத்துக்குப் போதாதே!

ஆகவே பிள்ளைக்குத் தாய் மட்டுமே துணை, அவளே வாத்தியார். அவள் தின்னும்போது அது அவள் வாயருகே முகத்தை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட தீனிகளை அடையாளம் காண வேண்டும். சாயங்காலமானால் கிளைகளை வளைத்துப் படுக்கை கட்டவும் பழக வேண்டும். சுமத்ராவின் சுவாக் சதுப்புக் காட்டில் நீசியா என்றொரு பழம் இருக்கிறது, டுரியான் இனத்தைச் சேர்ந்தது. விதையில் நல்ல கொழுப்பு. சுற்றிலும் குத்தும் சுணை. சுவாக் ஒராங்குட்டான்கள் குச்சி சீவி, அந்தச் சுணையைத் தள்ளிவிட்டு விதையை எடுக்கின்றன. அகலமான ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அதே பழம் இருக்கிறது, ஆனால் அங்குள்ளவை குச்சியைத் தொடுவதே இல்லை. செய்துகாட்ட அங்கே யாரும் இல்லை. எனக்கு ஒராங்குட்டானைப் பற்றித் தெரிந்ததில் மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில், இயற்கைச் சாவு போக, ஆண்டுக்கு நூற்றில் ஒரு பெண்ணை மனிதர் கொன்றாலே போதும், அவற்றின் எண்ணிக்கை தேயத் தொடங்கிவிடும். போர்னியோவில் 1999-க்கும் 2015-க்கும் இடையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வெட்டிய காட்டில் மட்டுமா? மரங்கள் அப்படியே நிற்கும் காட்டிலும் பெருமளவு குறைந்திருக்கின்றன. இறைச்சிக்காகவும், பயிரைத் தின்கிறது என்றும் கொல்கிறார்கள். குட்டியை விற்பதற்காகவும் கொல்கிறார்கள். தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை விடமாட்டாள்.

அப்படி அனாதையான குட்டிகளுக்காக 1964-லேயே போர்னியோவின் மலேசியப் பகுதியில் உள்ள சபா மாநிலத்தில் செப்பிலோக் மையம் தொடங்கிவிட்டது. அங்கே பாடுபடுகிறவர்களை மனமார மதிக்கிறேன். ஆனாலும், தாய் எட்டு ஆண்டு சொல்லிக்கொடுப்பதை மனிதர் முழுதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. காட்டில் இருக்கும் தாய்மாரைக் காப்பதற்குத்தான் முதல் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காட்டை அழித்தது பாமாயிலுக்கான எண்ணெய்ப்பனைத் தோட்டம் மட்டும் இல்லை. 1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு, போர்னியோவில் தன் வசமுள்ள மத்திய கலிமந்தானின் சதுப்புக் காட்டில் பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கக் கிளம்பியது. கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை, செடிகொடி மட்கிச் சேர்ந்த கரிமண் காய்ந்து 1997-ல் எல் நினோ வறட்சியில் பற்றி எரிந்தது.

பாமாயிலைப் பொறுத்தவரை, உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்வது இந்தியா. நம் ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அதற்காகப் பாமாயிலை ஒதுக்கச் சொல்லமாட்டேன். அதே அளவு எண்ணெயை வேறு பயிரிலிருந்து எடுக்க இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். எந்த நிலத்தை அழித்து நட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். சபாவில் கினபத்தாங்கான் ஆற்றோரம் துண்டு துண்டான காடுகளில், தோட்டங்களுக்கு நடுவே ஒராங்குட்டான்கள் இன்றும் பிள்ளை வளர்க்கின்றன. ஆற்றங்கரை மரங்களை விட்டுவைத்து, துண்டுகளை இணைத்தால், அவற்றுக்கு வழி கிடைக்கும். தோட்டக்காரர்கள் நினைத்தால் நடக்கும். வாங்குகிறவர்கள் கேட்டால் நினைப்பார்கள். நம் மாநிலத்தில் ரேஷன் பாமாயிலுக்கு டெண்டர் விடுவது நுகர்பொருள் வாணிபக் கழகம். எண்ணெய் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது, அந்தத் தோட்டத்து நிலம் எந்த ஆண்டு வரை காடாக இருந்தது என்று சொல்லும் பொறுப்பை விற்பவர்மேல் வைக்கும்படி நாம் கழகத்துக்கு எழுதலாம். இந்த மன்றத்தின் பெயரிலேயே முதல் கடிதம் போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.