கோடை ராத்திரியில் குதிரைக்குக் கம்பளி போர்த்த வேண்டுமா?

(காட்சி: கொடைக்கானல் ஏரிக்கரை, மாலை ஆறரை மணி. சேணம் இறக்கிய குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் மேல் மெல்லிய மூட்டம்.)

வணக்கம். மே மாதம் வந்துவிட்டால் இந்த ஏரிக்கரையில் தினமும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்வெட்டர், குல்லா, கழுத்தில் மஃப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் சுட்ட மக்காச்சோளத்தோடு வந்து நிற்பார்கள், குதிரையின் வெறும் முதுகைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், அப்புறம் "அண்ணே, ராத்திரி இதுக்குப் போர்த்திவிட ஒண்ணும் கிடையாதா? பாவம், குளிராதா?" என்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். எங்கள் ஆட்களிலும் பல பேர் இதே அக்கறையில்தான் கோடையிலும் பொழுது சாய்ந்ததும் கம்பளியை எடுத்துக் குதிரை மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஆரோக்கியமாக இருக்கிற, வளர்ந்த, உடம்பு காய்ந்திருக்கிற குதிரைக்கு ஏப்ரல், மே ராத்திரியில் கம்பளி வேண்டாம். வேண்டாம் என்பது மட்டுமில்லை, போட்டால் கெடுதலும் உண்டு. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் எந்த ராத்திரி போட வேண்டும் என்பதும் தெரியும்.

(காட்சி: லாயத்தின் தூணில் தொங்கும் வெப்பமானி. இரவு பத்து மணி. 13 டிகிரி.)

இது எங்கள் லாயத்தில் தொங்குகிற வெப்பமானி. கொடைக்கானலோ ஊட்டியோ, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்கள். மே மாதப் பகலில் 20, 22 டிகிரி வரும், விடியற்காலையில் 10, 12 டிகிரிக்கு இறங்கும். வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறி வந்தவருக்கு 12 டிகிரி என்றால் பல் கிட்டும். அதில் ஆச்சரியமே இல்லை. மனித உடம்பு, சட்டை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், சுமார் 28 டிகிரிக்குக் கீழே போனாலே சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேலை செய்ய ஆரம்பித்துவிடும். குதிரையின் கணக்கு வேறு. வளர்ந்த குதிரைக்குச் சுமார் 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரைக்கும் சௌகரியமான பகுதி. அந்த இடைவெளியில் உடம்பைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் அது தனியாக எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு எலும்பு வரை குளிர்கிற 12 டிகிரி, அதற்கு நல்ல தூக்கத்துக்கான காற்று.

உடம்பின் அளவும் ஒரு காரணம். பெரிய பாத்திரத்துச் சோறு சீக்கிரம் ஆறாது, கிண்ணத்துச் சோறு உடனே ஆறிவிடும், இல்லையா? இருநூறு, முந்நூறு கிலோ உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைவு, அதனால் உள்ளே இருக்கிற சூடு மெதுவாகத்தான் வெளியேறும். குதிரைக்குச் சூட்டை வைத்துக்கொள்வது சுலபம், வெளியே தள்ளுவதுதான் கஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

மீதிப் பாதி வயிற்றில் இருக்கிறது. குதிரை மாடு மாதிரி அசை போடாது. அது தின்கிற புல்லும் வைக்கோலும் பின்பக்கத்துப் பெருங்குடலில் போய் நுண்ணுயிர்களால் நொதிக்கின்றன. மாவு புளிக்கும்போது பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தால் லேசாகச் சூடு தெரியுமே, அது போல அந்த நொதித்தலில் சூடு பிறக்கிறது, ராத்திரி முழுக்கப் பிறந்துகொண்டே இருக்கிறது. குளிருக்குக் கொள்ளு அதிகம் கொடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கொள்ளு நல்ல தீனிதான், வேலை செய்கிற குதிரைக்கு வேண்டியதுதான். ஆனால் ராத்திரிச் சூட்டுக்கு நார்த்தீனிதான் கை கொடுக்கும். படுக்கப் போவதற்கு முன்னால் ஒரு கட்டுப் புல்லை எடுத்து முன்னால் போடுங்கள். உள்ளேயிருந்து வேலை செய்யும் கம்பளி அதுதான்.

(காட்சி: குதிரையின் விலாப் பக்கம், மிக அருகில். காற்றில் மயிர் லேசாக எழுந்து நிற்கிறது.)

இப்போது திரையைக் கூர்ந்து பாருங்கள். இவள் பெயர் சிட்டு. மணி இரவு பதினொன்று. மயிர் ஒவ்வொன்றும் தோலோடு ஒட்டாமல் கொஞ்சம் எழும்பி நிற்கிறது, தெரிகிறதா? குளிர் கூடும்போது தோலுக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள் மயிரைத் தூக்கி நிறுத்தும். மயிருக்கு நடுவில் காற்று தங்கும், அந்தக் காற்று வெளிக்குளிரை உள்ளே விடாது. சூடு கூடினால் மயிர் படிந்துவிடும். இந்தக் குதிரை ஒரு ராத்திரியில் பத்துத் தடவை கூட இதை மாற்றிக்கொள்ளும், யாரையும் கேட்காமல். கனமான கம்பளியை மேலே போட்டால் என்ன ஆகும்? மயிர் நசுங்கிப் படிந்துவிடும், அவளிடம் இருந்த சொந்த ஏற்பாடு போய்விடும், கம்பளி கொடுக்கிற சூடு மட்டும்தான் மிச்சம். அதைக் கூட்டவோ குறைக்கவோ அவளால் முடியாது. நாம் தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிறோம், வார் போட்டுக் கட்டிய கம்பளியை அவள் எப்படித் தள்ளுவாள்?

இதை என் தப்பிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். சிட்டு வந்த முதல் கோடையில் அவள் மேல் எனக்கு அவ்வளவு பாசம். பழைய கம்பளி ஒன்றை மடித்துப் போட்டு, கோடை மழை வந்தால் நனையக் கூடாது என்று அதன் மேல் உரச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டினேன். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவள் கால் மாற்றி மாற்றி மிதிக்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். கம்பளிக்கு அடியில் கையை விட்டால், துவைத்துப் பிழியாத துணிக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. வெளியே 11 டிகிரி, உள்ளே வியர்வை. கம்பளியை இழுத்ததும் முதுகிலிருந்து ஆவி எழுந்தது, டார்ச் வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தது. ஒரு வாரம் கழித்து முதுகில் பொருக்குப் பொருக்காக வந்தது. பிய்த்தால் பெயிண்ட் பிரஷ் நுனி போல ஒரு கொத்து மயிரோடு வந்தது, அடியில் சிவந்த ஈரத் தோல். அவள் அன்றைக்குக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, ஈரத்தில் வருகிற பாக்டீரியாத் தொற்று என்றார். டெர்மட்டோபிலஸ் என்று அந்தக் கிருமிக்குப் பெயர். தோல் நாள் முழுக்க ஈரமாக இருந்தால் அது உள்ளே இறங்கிவிடும். மழையில் நனைந்து வருவதுதான் வழக்கம், நானோ மழையே இல்லாமல் வரவழைத்துவிட்டேன். சரியாகும் வரை அவள் மேல் சேணம் வைக்க முடியவில்லை. சீசன் நேரத்தில் குதிரை சும்மா நின்றால் வீட்டில் என்ன நிலைமை என்று குதிரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உரச் சாக்கு காற்றை விடாது. கனமான ரெக்சின், தார்ப்பாய் எல்லாமும் அப்படித்தான். குதிரையின் வியர்வை நம் வியர்வை மாதிரி தண்ணீராக ஓடிவிடாது. அதில் லேத்தரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. வயிற்று வார் உரசுகிற இடத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்குமே, அது இதனால்தான். வியர்வையை மயிர் முழுக்கப் பரப்பி, சீக்கிரம் ஆவியாகி உடம்பு குளிர இயற்கை செய்த ஏற்பாடு அது. மேலே மூடி போட்டுவிட்டால் ஆவி போக வழியில்லை. சூடும் உப்பும் ஈரமும் தோலிலேயே ஊறும்.

(காட்சி: மூன்று வெள்ளைப் பலகைகளின் வரைபடம்: கிடைக்கோடு போட்டது ஒன்று, நிலைக்கோடு போட்டது ஒன்று, ஒன்றுமே இல்லாதது ஒன்று.)

"குதிரைக்கு என்ன வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். குதிரையிடமே கேட்டிருக்கிறார்கள். நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைப் பழக்கினார்கள். ஒன்றை மூக்கால் தொட்டால் போர்வை போடு, இன்னொன்றைத் தொட்டால் எடுத்துவிடு, வெற்றுப் பலகையைத் தொட்டால் இருக்கிறபடியே விடு. பதினான்கே நாளில் எல்லாக் குதிரையும் கற்றுக்கொண்டது. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போர்வை கேட்டன. வெயில் இதமாக இருந்த நாளில், எடுத்துவிடு என்றன. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி நான் லாயத்தில் போய் ரொம்ப நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். எத்தனை ராத்திரி அவள் சொல்லியிருப்பாள், எனக்குத்தான் பாஷை தெரியவில்லை.

இணையத்தில் இங்கிலாந்து வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் போர்வை வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வேலைக்குதிரைக்குக் குளிர்காலத்தில் மயிரை மெஷினால் வெட்டிவிடுவது வழக்கம், வியர்வை சீக்கிரம் காய்வதற்காக. வெட்டிய மயிருக்குப் பதிலாகத்தான் அங்கே போர்வை. நாம் மலையில் மயிர் வெட்டுவதே இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும்போது நம் குதிரைகள் சொந்த மயிரை அடர்த்தியாக வளர்த்துக்கொண்டு நிற்கும். கோடை வந்ததும் அதை உதிர்த்துவிடும்.

சரி, அப்படியானால் எப்போதுதான் போர்த்துவது?

முக்கியமான நேரம் ஒன்று உண்டு, அது நடு ராத்திரி இல்லை, சாயங்காலம். நாள் முழுக்க ஏரியைச் சுற்றின குதிரை, ஆறு மணிக்குச் சேணத்தை இறக்கும்போது முதுகு நனைந்திருக்கும். அதே நேரத்தில்தான் வெயில் மறைந்து காற்று கிளம்பும். நனைந்த மயிர் காற்றைப் பிடித்து வைக்காது, ஆகவே நான் மேலே சொன்ன ஏற்பாடு எதுவும் அப்போது வேலை செய்யாது. இந்த நேரத்தில் குதிரையை அப்படியே கட்டிவிட்டுப் போவதும் தப்பு, ஈர முதுகின் மேல் கனமான கம்பளியைப் போட்டு மூடுவதும் தப்பு. பத்து, பதினைந்து நிமிஷம் மெதுவாக நடத்துங்கள். ஒரு கைப்பிடி வைக்கோலை முறுக்கி, சேணம் இருந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், மயிர் எதிர்ப்பக்கம் நிமிருகிற மாதிரி. காற்று அதிகம் என்றால் ஒரு மெல்லிய பருத்தித் துணி அல்லது சணல் சாக்கு போடலாம், அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பிப் போட்டால் இன்னும் நல்லது, ஆவி போக வழி கிடைக்கும். முதுகு காய்ந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டுத் தூங்கிவிடுவதில்தான் தொல்லையே.

கோடை மழையும் அப்படித்தான். ஏப்ரல், மே மாதம் மதியத்துக்கு மேல் இடி இடித்துக் கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும், ஒரு மணி நேரத்தில் குளிர் இறங்கிவிடும். அதற்கு வேண்டியது கூரை. காற்று வருகிற பக்கம் அடைத்து, மற்றப் பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகை, தரையில் தண்ணீர் தேங்காத மாதிரி கொஞ்சம் சரிவு, அவ்வளவுதான். கம்பளி வாங்கக் காசு வைத்திருப்பவர்கள் முதலில் ஒழுகுகிற தகரத்தை மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

விதிவிலக்குகள் உண்டு. பிறந்து சில நாளே ஆன குட்டிக்குக் குளிரைத் தாங்கும் சக்தி குறைவு. விலா எலும்பு தெரிகிற கிழக் குதிரை, பல் தேய்ந்து புல் தின்ன முடியாதது, காய்ச்சலில் படுத்து எழுந்தது, இவற்றுக்கெல்லாம் காய்ந்த, லேசான போர்வை போடத்தான் வேண்டும். சமவெளியில் 38 டிகிரியிலிருந்து லாரியில் ஏற்றி மூன்று நாலு மணி நேரத்தில் இங்கே கொண்டுவந்து இறக்குகிற குதிரைகளையும் முதல் சில ராத்திரி கவனியுங்கள். உடம்பு பழகச் சில வாரம் ஆகும். நடுங்கினால் போர்த்துங்கள், நடுங்கவில்லை என்றால் கூரையும் புல்லும் போதும். ஈத்தொல்லைக்காகப் போடுகிற வலை போன்ற மெல்லிய துணி வேறு விஷயம், பகலில் போடலாம்.

(காட்சி: கம்பளியின் ஓரத்தைத் தூக்கி, தோளுக்குப் பின்னால் உள்ளங்கை உள்ளே போகிறது.)

எப்படிச் சோதிப்பது என்பதை மட்டும் காட்டிவிடுகிறேன். காதைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுன்னு இருக்கே" என்று முடிவு செய்யாதீர்கள், காதும் காலும் எப்போதும் உடம்பை விடக் குளிர்ந்துதான் இருக்கும். தோளுக்குப் பின்னால், முன்னங்கால் உடம்போடு சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கையை மயிருக்குள் வைத்துப் பத்து எண்ணுங்கள். இதமாக, காய்ந்து இருந்தால் எல்லாம் சரி. பிசுபிசுத்தால், போட்டிருப்பதை உடனே எடுங்கள். தோலே குளிர்ந்து, மயிர் முழுக்கச் சிலிர்த்து, வாலை ஒடுக்கிக்கொண்டு குதிரை நடுங்கினால் மட்டும் போர்வையைத் தேடுங்கள், அப்படியே புல்லும் போடுங்கள்.

சிட்டுவுக்கு இப்போது மணி பதினொன்றரை. கை வைத்துப் பார்த்தேன், காய்ந்த முதுகு, உள்ளே இதமான சூடு. ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வு கொடுத்துக்கொண்டு, கீழ் உதடு தொங்க, நின்றபடியே தூங்குகிறாள். நான்தான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். விளக்கை அணைத்துவிடுகிறேன், வெளிச்சத்தில் அவள் விழித்துக்கொள்வாள்.