மரணாதாரச் சங்கத்தின் பேரேட்டில் இன்னொரு பக்கம்

அவைத்தலைவர் அவர்களே, தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத்துச் சகோதரிகளே,

2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்திலோ அது ஏறத்தாழ 32. "நம் சனமே கட்டைதான்" என்று இதற்குச் சமாதானம் சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். நல்ல பராமரிப்பும், தாய்ப்பாலும், போதிய உணவும் கிடைத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வு எப்போதோ காட்டிவிட்டது.

ஆனாலும் கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் தாயைக் குறை சொல்வதில்தான் முடிகிறது. அவளோ விடிந்ததும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிட்டுத் தேயிலை மலைக்கு ஏறுகிறவள். நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் அவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேரே இல்லை. கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா சத்துமாவும் கைக்குழந்தைக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. மூத்த பிள்ளைகளைப் பார்க்க வைத்துவிட்டு ஒரு பிள்ளைக்கு மட்டும் எந்தத் தாய் ஊட்டுவாள்?

நம் லயங்களில், இந்த வரிசை வீடுகளில், ஒரு சாவு விழுந்தால், அதற்கென்றே நாம் சந்தா கட்டும் மரணாதாரச் சங்கத்தின் பணமும், பந்தலுக்குத் தகரமும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் யாரும் கேளாமலே வந்து சேர்கின்றன. பகையாளி வீடு என்றும் பார்ப்பதில்லை. இந்த ஒழுங்கை எந்த அரசும் நமக்குக் கற்றுத் தரவில்லை. அதே சங்கம், கர்ப்பிணிகளின் பெயரையும் இரண்டு வயது நிறையாத பிள்ளைகளின் பெயரையும் தன் பேரேட்டில் எழுதத் தொடங்கி, கிளினிக் நாளில் தாய் இழக்கும் கூலிக்கு ஒரு தொகையும், பிள்ளைக்காம்பராவில் பருப்பும் முட்டையும் பிசைந்த சோற்றுக்கு ஒரு தொகையும் ஒதுக்கலாம் என்பதே என் வேண்டுகோள். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு வெறும் கஞ்சித்தண்ணி காணாது. எந்த வீட்டுப் பிள்ளை வளர்ச்சியில் பின்தங்குகிறது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்தத் தாயின் சம்மதத்தோடு கேட்டறியலாம். தயவுசெய்து அதைப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டாம்.

சங்கம் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. அடிக்கடி வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு முட்டை கொடுத்தும் முழுப்பலன் கிட்டாது. சுத்தமான குடிநீரும், மலசலகூடமும், நியாயமான கூலியும் நிர்வாகத்தின், அரசின் பொறுப்பு. நாம் சந்தா சேர்க்கிறோம் என்பதற்காக அவர்கள் கைகழுவ விட்டுவிடக் கூடாது.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில், சந்தாக் கணக்கு வாசித்து முடித்ததும், பிள்ளைக்காம்பராவுக்கு முட்டை வாங்கிக் கொடுப்பவர் யார் என்பதையும், தண்ணீர்த் தொட்டி குறித்துத் தோட்ட நிர்வாகியான துரைக்கு எழுதும் கடிதத்தில் யார் யார் கையெழுத்திடுவது என்பதையும் தீர்மானித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.