அயர்லாந்தின் டிரான்சிஷன் இயர்: பரீட்சை இல்லாத ஒரு வருஷத்தில் என்ன படிக்கிறார்கள்?

[திரையில்: மூன்றாம் ஆண்டு → டிஒய் → ஐந்தாம் ஆண்டு]

அயர்லாந்தில் ஜூனியர் சைக்கிள், அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் மூன்று ஆண்டு, முடித்த பிள்ளை நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். நடுவில் ஒரு வருஷம் டிரான்சிஷன் இயர், அதாவது ‘டிஒய்’, படித்துவிட்டும் போகலாம். 1974-ல் கல்வி அமைச்சர் ரிச்சர்ட் பர்க் தொடங்கிய திட்டம் இது. முடிவில் அரசுத் தேர்வு கிடையாது. டப்ளினிலும் கார்க்கிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் முதலில் கேட்பது, “ஒரு வருஷம் வீணாப் போயிடாதா?” என்றுதான். போகலாம். பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

[காட்சி: மருந்துக்கடை கவுன்டர்]

டிஒய்யில் வரும் வேலைப் பயிற்சியைப் பாருங்கள். சில பள்ளிகளில் ஒன்றிரண்டு வாரம் சேர்ந்தாற்போல், சிலவற்றில் வாரம் ஒரு நாள். சம்பளம் பொதுவாக இல்லை. 16 வயது நிரம்பாதவர் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

அப்பாவின் அலுவலகத்தில் இடம் வாங்கிக் கொடுப்பது சுலபம். ஆனால் அங்கே பிள்ளை ஓரத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாரும் அதற்கென்று வேலை ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அதனால் மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். ஒரு பக்க பயோடேட்டா போதும். ஒரு வாரம் பதில் வராவிட்டால் போன் செய்யட்டும். இடம் கிடைத்ததும் மூன்றைக் கேட்க வேண்டும்: யார் மேற்பார்வை, எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தெந்த வேலை தருவீர்கள். பள்ளியின் காப்பீட்டுக் கடிதத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் கார்டா வெட்டிங், அதாவது போலீஸ் சரிபார்ப்பு. குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் இதைக் கேட்பார்கள். 16 வயது ஆனால்தான் விண்ணப்பிக்க முடியும். 18 வயதுவரை பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். மார்ச்சில் 16 ஆகிற பிள்ளை நவம்பரில் காப்பகத்துக்கு முயன்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்து, நவம்பருக்கு நூலகமோ பேக்கரியோ பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

[காட்சி: விக்லோ மலைப்பாதை, மழை]

அடுத்தது மலைநடை. பல பள்ளிகள் ‘கய்ஷ்க’ என்ற, ஜனாதிபதி பெயரில் இளைஞர்களுக்குத் தரும் விருதின் வெண்கல நிலைக்காக, இரவு தங்கி நடக்கும் பயணம் ஒன்றை வைக்கின்றன. இங்கே ஜீன்ஸ் ஆகவே ஆகாது. நனைந்த பருத்தி உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காற்றும் சேர்ந்தால் நடுக்கம், குழறும் பேச்சு என்று ஆபத்தில் முடியும். செயற்கை இழை பேன்ட், மேலே மழைக்கோட், பிளாஸ்டிக் பையில் மாற்றுக் காலுறை. புது பூட்ஸை இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக்க வேண்டும். குதிகால் சுடுகிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே நின்று டேப் ஒட்டணும். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

மூட்டை உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. கனமானவை முதுகை ஒட்டி இருக்கட்டும். நேரக் கணக்கு இப்படி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுதலாக 10 நிமிடம். 15 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 50 நிமிடம் வரும். மூட்டையோடு போகும் மாணவர் கூட்டத்துக்கு 6 மணி நேரம் வையுங்கள். சிக்னல் போனாலும் வழி தெரிய, காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். ஆபத்தென்றால் 112 அழைத்து ‘மவுன்டன் ரெஸ்க்யூ’ கேட்க வேண்டும்.

நலவாழ்வு வகுப்புகள் பள்ளிக்குப் பள்ளி மாறும்: தூக்கம், சமையல், முதலுதவி. முதலுதவியில் மார்பை 5–6 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100–120 தடவை அழுத்தப் பழகுகிறார்கள். பொம்மையில் பயிலாதவர்கள் பெரும்பாலும் போதுமான ஆழத்துக்கு அழுத்துவதில்லை.

[திரையில்: தினக்குறிப்பு ஒரு பக்கம்]

பயிற்சி நாட்களில் மாலையில் ஐந்து வரி எழுதினால் போதும்: என்ன செய்தேன், யார் காட்டிக்கொடுத்தார், எது பிடிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மட்டும் வாரம் இரண்டு நாளாவது தொட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பள்ளி இறுதித் தேர்வான லீவிங் செர்ட்டில் உயர்நிலைக் கணக்கில் தேறினால், கல்லூரிச் சேர்க்கைக்கு 25 புள்ளி கூடுதல்.