நண்பரின் கோடைக் காப்பியடித்து, வேரியபிள் பெயரை மாற்றினால் போதுமா?

(திரையில்: இரண்டு கோட் கோப்புகள், அருகருகே)

இடப்பக்கக் கோடில் மதிப்பெண்களைக் கூட்டும் வேரியபிளுக்குப் பெயர் டோட்டல். வலப்பக்கம் அதே வேரியபிள் எக்ஸ் ஆகிவிட்டது. கமென்ட்கள் வேறு, இடைவெளிகள் வேறு, மேலே இருந்த ஃபங்ஷன் கீழே போயிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதியது போலத்தான் இருக்கும். ஒப்பிடும் மென்பொருளின் கண்ணுக்கு இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே கோப்பு. எப்படி என்று பார்ப்போம்.

(திரையில்: பெயர்கள் அழிந்து, குறிகளாக மாறுகின்றன)

மாணவர்களின் கோடை ஒப்பிட்டுக் காப்பியைக் கண்டுபிடிக்க, கணினி அறிவியல் துறைகளில் பரவலாகப் பயன்படும் கருவி மாஸ். கணினி அறிவியல் பேராசிரியர் அலெக்ஸ் ஐக்கன் 1994-ல் உருவாக்கியது. அதன் அடிப்படை அல்காரிதத்தை விளக்கும் கட்டுரை 2003-ல் வெளியாகிவிட்டது. ரகசியம் ஒன்றும் இல்லை.

முதலில் கமென்டும் இடைவெளியும் போய்விடும். வேரியபிளுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் அது 'ஏதோ ஒரு பெயர்' என்ற பொதுக்குறியாகிவிடும். டோட்டலும் எக்ஸும் இங்கேயே ஒன்றாகிவிட்டன. அப்புறம் இந்தக் குறிகளின் வரிசையை, ஒன்றின்மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ் எண் கணக்கிடுவார்கள்; ஒரே மாதிரியான துண்டுக்கு எப்போதும் ஒரே எண்தான் வரும். எல்லா எண்களையும் சேமித்தால் கட்டுப்படியாகாது. எனவே அடுத்தடுத்து வரும் எண்களைச் சிறு கூட்டமாக எடுத்து, அதில் மிகச் சிறியதை மட்டும் வைத்துக்கொண்டு, ஓரடி நகர்ந்து அடுத்த கூட்டத்துக்குப் போவார்கள். மிஞ்சும் எண்கள்தான் அந்தக் கோப்பின் கைரேகை.

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்த 'மிகச் சிறியது' விதிதான். இரண்டு கோப்புகளில் போதுமான நீளத்துக்கு ஒரே பகுதி இருந்தால், அது எந்த மூலையில் இருந்தாலும், இரண்டிலும் ஒரே எண் கட்டாயம் தேர்வாகும். ஃபங்ஷனை இடம் மாற்றுவது ஏன் பலிக்காது என்பதற்குக் காரணம் இதுதான். காப்பி பிடிக்கும் வேலையை மறந்துவிட்டுப் பார்த்தாலும், அருமையான அல்காரிதம்.

"எல்லாருக்கும் ஒரே கேள்விதானே, விடை ஒத்துப்போகாதா?" நியாயமான சந்தேகம். ஆசிரியர் தந்த தொடக்கக் கோடைக் கணக்கில் சேர்க்காதே என்று மாஸிடம் சொல்லலாம். பலரிடம் பொதுவாக வரும் பகுதிகளையும் அது ஒதுக்கிவிடும். அதோடு, மாஸ் தீர்ப்பு சொல்வதில்லை. ஒத்த பகுதிகளைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பார்த்து முடிவெடுப்பவர் ஆசிரியர். அவர் கண்ணில் முதலில் படுவது சரியான வரிகள் அல்ல. எங்கும் பயன்படாத ஒரு வேரியபிள், யாருக்கும் தோன்றாத ஒரு பிழை, இவை இரண்டு பேரிடமும் அப்படியே இருந்தால் விளக்குவது கஷ்டம்.

(திரையில்: வெள்ளைப்பலகை, அழிக்கப்படுகிறது)

சரி, நண்பர்களோடு பேசவே கூடாதா? பேசலாம். சில பாடங்களில் ஒரு நல்ல விதி உண்டு: பலகையில் எழுதி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதியுங்கள், பிறகு அழித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புங்கள். குறிப்பு, போட்டோ எதுவும் வேண்டாம். தனியாக உட்கார்ந்து எழுத முடிந்தால், அந்த யோசனை இப்போது உங்களுடையது. பேசியவரின் பெயரைக் கமென்டில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து ஒரு துண்டுக் கோடை எடுக்கப் பாடவிதி அனுமதித்தாலும், அதன் இணைப்பைப் பக்கத்திலேயே போடுங்கள். அங்குள்ள பதிவுகளின் உரிமமே மூலத்தைக் குறிப்பிடச் சொல்கிறது.

சாட்ஜிபிடி, கோபைலட் போன்ற ஏஐ கருவிகள் விஷயத்தில் பொதுவிதி கிடையாது. ஒரு பாடத்தில் அனுமதி, அடுத்த பாடத்தில் தடை. தெரியாவிட்டால் சமர்ப்பிக்கும் முன்பே கேளுங்கள். வரிக்கு வரி விளக்கச் சொன்னால் உங்களால் முடியுமா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கப்போவது அதைத்தான்.

(திரையில்: இரவு மணி 2, சமர்ப்பி பொத்தான்)

காப்பிகள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கின்றன என்பது என் கணிப்பு. சமர்ப்பித்த பிறகு மனம் உறுத்தினால்? ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற அறிமுகக் கணினி அறிவியல் பாடத்தில் 2014-ல் ஒரு விதி சேர்த்தார்கள்: தவறு செய்தவர் 72 மணி நேரத்துக்குள் தானே வந்து சொன்னால், அந்த வேலைக்கு மதிப்பெண் போகலாம், ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் ஒழிய, விஷயம் பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கைக்குப் போகாது. உங்கள் பாடத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதல் அசைன்மென்டுக்கு முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டாலும், மாஸ் அறிக்கை ஆசிரியரிடம் போகும் முன் நீங்கள் போவது நல்லது.