எலியாவுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் இல்லை

மனநல ஆலோசனை அறையில் வேதாகமத்தை எப்போது திறக்கலாம் என்று கேட்டீர்கள். எதிரில் இருப்பவர் விரும்பும்போது, அவ்வளவுதான். அவர் சம்மதம் இல்லாமல் நாமாகத் திறந்தால் அது பிரசங்கம். அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் நெறிமுறைகளும் உங்கள் நம்பிக்கையை வந்தவர் மேல் திணிக்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன.

ஆலோசனைக்கு வேதம் மட்டும் போதுமா, உளவியலும் வேண்டுமா என்பது பழைய சண்டை. 1970-இல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ், வேதமே போதும், பாவத்தைக் கண்டித்துப் புத்தி சொன்னால் மனிதன் மாறுவான் என்று எழுதினார். அதற்குச் சில வருடங்கள் முன்பே அமெரிக்காவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரி உளவியலுக்கென்று தனிப் பள்ளியே தொடங்கிவிட்டது. நான் இரண்டாவது கட்சி, உளவியலும் வேண்டும் என்கிற கட்சி.

காரணம் வேதத்திலேயே இருக்கிறது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கு நெடுநாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. எல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்ல ஆலோசகர்கள்தான், பேச ஆரம்பித்ததும்தான் கெட்டது.

ஒருவர் வந்து, "ஜெபித்தும் தூக்கம் வரவில்லை, எனக்கு விசுவாசம் போதாது" என்கிறார் என்று வையுங்கள். உடனே ஒரு வசனம் கொடுத்தால் அவர் தலையாட்டுவார், ஆனால் குற்ற உணர்வு இன்னும் ஒரு சுற்று ஏறும். அதற்குப் பதில் எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு எப்படி, சாக வேண்டும்போல் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அவிசுவாசம் ஒன்றும் இல்லை அது. அப்புறம், அவர் விரும்பினால், 88-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசிக்கலாம். இருளிலேயே முடிகிற சங்கீதம் அது, அதையும் ஜெபம் என்றுதான் வேதம் வைத்திருக்கிறது.

மன்னிப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கணவனிடம் அடி வாங்கி வந்த பெண்ணிடம் "ஏழெழுபதுதரம்" மன்னிக்கச் சொன்ன இயேசுவின் வார்த்தையைச் சொல்கிறோம். அதே மத்தேயு 18-இல், அதற்குச் சற்று முன்னால், குற்றத்தை முகத்துக்கு நேரே சொல், கேட்காவிட்டால் சாட்சிகளைக் கூட்டிப் போ, சபைக்குச் சொல் என்று இருப்பதை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம். அதற்காக அவளைத் தனியாக அவன் முன்னால் போய் நிற்கச் சொல்லிவிடாதீர்கள். இன்று இரவு அவளும் பிள்ளைகளும் எங்கே பத்திரமாகத் தங்குவார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மன்னிப்பைப் பற்றி அவளே பேச்செடுக்கும் நாளில் பேசிக்கொள்ளலாம்.