லைசென்ஸ் பிழையும் மதர்போர்ட் பற்றரியும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி மூன்று நாளாக என் மனத்திலேயே நிற்கிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய கேம், காலையில் திறக்கும்போதெல்லாம் லைசென்ஸை உறுதிப்படுத்த முடியவில்லை என்று நின்றுவிடுகிறதாம். இரண்டு தரம் அழித்துப் பதிந்ததில் மாத டேட்டாவும் தீர்ந்துவிட்டதாம். "அண்ணா, விண்டோஸையே புதிதாகப் போடவா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. நீங்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தின் வலது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். திகதி 2015 ஜனவரி 1 என்று இருக்கிறது.

லைசென்ஸை உறுதிப்படுத்த, கணினி இணையம் வழியே ஸ்டீமின் சேவையகத்தோடு (சர்வரோடு) இணைய வேண்டும். அப்போது, அது உண்மையான சேவையகம்தானா என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2015இல் நிற்கும் கணினியின் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்பதால் அது இணைப்பை மறுக்கிறது; கேமுக்குத் தெரிவதெல்லாம் லைசென்ஸ் வந்து சேரவில்லை என்பது மட்டுமே.

கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது, கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்ட்டில் நாணயம் போல இருக்கும் சீஆர்2032 என்ற 3 வோல்ட் பற்றரி. இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பற்றரி செத்திருந்தால் ஒவ்வொரு காலையும் திகதி பின்னோக்கிப் போய்விடும். விண்டோஸ் தானாகத் திருத்தாதா என்று கேட்பீர்கள். வழமையான அமைப்பில், வேறுபாடு 15 மணித்தியாலத்தைத் தாண்டினால் அது தானாகத் திருத்துவதில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன காலத்தில் என் அக்கா மகனின் கணினிக்கும் இதுதான் நடந்தது. அவனும் விண்டோஸை மாற்றிப் பதிந்து இரண்டு நாளை இழந்தான். பிறகு பற்றரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்ததும் கேம் திறந்தது.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது தெரியும்: எதையும் அழிக்குமுன் பிழைச் செய்தியை எழுத்து விடாமல் வாசியுங்கள். விசிரன்டைம்140 (VCRUNTIME140.dll) என்ற கோப்பு இல்லை என்று வந்தால், அந்தக் கோப்பு அடங்கிய, மைக்ரோசாப்டின் விஷுவல் சி++ தொகுப்பைப் பதிய வேண்டும். அந்த ஒரு கோப்பை மட்டும் கண்ட தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். சில கோப்புகள் மட்டும் பழுதாகியிருந்தால், அவற்றைச் சரிபார்த்துத் திருத்தும் வசதி ஸ்டீமிலேயே இருக்கிறது. முழுக் கேமையும் மறுபடி இறக்கத் தேவையில்லை.

தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி வேறு: அந்த லைசென்ஸ் யாருடைய கணக்கில் இருக்கிறது? லைசென்ஸ் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இல்லை, ஸ்டீம் கணக்கில்தான் இருக்கிறது. கணினி விற்ற கடைக்காரரே திறந்து கொடுத்த கணக்கு என்றால், கணக்கை விற்பதையும் கைமாற்றுவதையும் ஸ்டீமின் ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. அவர் கடவுச்சொல்லை மாற்றும் அன்று நீங்கள் வாங்கிச் சேர்த்த கேம்களும் போய்விடும். பற்றரியை மாற்றிய கையோடு, கணக்கில் பதிந்திருக்கும் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையவைதானா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.